ஊறுகாய் ஜாடியில் ஏறிய பெயர்

1824-இல் அமெரிக்காவில் மேரி ராண்டால்ஃப் வெளியிட்ட 'த வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்' என்ற சமையல் நூலில் 'ஆயில் மாங்கோஸ்' என்றொரு குறிப்பு உண்டு. அதில் மாம்பழமும் இல்லை, மாங்காயும் இல்லை. பிஞ்சு முலாம்பழத்தை உப்புநீரில் போட்டு, விதையை நீக்கி, உள்ளே கடுகும் மசாலாவும் அடைத்துச் செய்யும் ஊறுகாய் அது.

காரணம் கப்பல் பயணம். மலபார்க் கரையிலிருந்து ஐரோப்பா போய்ச் சேர அன்று மாதக்கணக்காகும். பழுத்த பழம் அதுவரை தாங்குமா? உப்பில் ஊறிய மாங்காய்தான் தாங்கியது. அதை மட்டுமே தின்று பார்த்த ஆங்கிலேயருக்கு 'மாங்கோ' என்றால் ஊறுகாய் என்றே பதிந்துவிட்டது. வெள்ளரி, பீச், குடைமிளகாய் என்று எதை அடைத்து ஊறப்போட்டாலும் மாங்கோதான். அப்படி ஊறப்போடுவதற்கே அந்தப் பெயர் வினைச்சொல்லாகவும் ஆனது. அமெரிக்காவின் ஓஹாயோ, பென்சில்வேனியா பக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் குடைமிளகாயை 'மாங்கோ' என்று சொல்பவர்கள் இருந்தார்கள்.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபின், போர்ச்சுகீசியர் மலையாளிகளின் 'மாங்ங'யைக் கேட்டு 'மாங்கா' என்றார்கள். அவர்கள் வழியாகத்தான் ஆங்கிலத்துக்குப் போனது. மலையாள 'மாங்ங'யும் நம் மாங்காயும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள்.

அந்தச் சொல்லின் நடுவில் இருக்கும் 'ங்'கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரத்தின் பெயர் வெறும் 'மா'. அதனோடு காய் சேரும்போது 'ங்' தோன்றுகிறது. பழம் சேர்ந்தால் 'ம்' வந்து மாம்பழம். தளிர் சேர்ந்தால் 'ந்' வந்து மாந்தளிர். வரும் எழுத்துக்கு இனமான மெல்லெழுத்து நடுவில் நிற்கிறது. விளாவோடு காய் சேர்ந்து விளாங்காய் ஆவதும் இப்படித்தான். ஆக, நம் வாயில் இயல்பாகப் பிறந்த புணர்ச்சி எழுத்தையும் சேர்த்தே ஐரோப்பியர் எடுத்துப் போயிருக்கிறார்கள். எடுத்துப் போனதும் காயின் பெயரைத்தான். தேனாய்க் கனிந்த இமாம்பசந்தையும் ஆங்கிலம் காய் என்றே அழைக்கிறது!

1753-இல் லின்னேயஸ் மாமரத்துக்கு 'மாங்கிஃபெரா இண்டிகா' என்று அறிவியல் பெயர் சூட்டினார். மாங்கோவைத் தாங்கும் மரம், இந்தியாவுடையது என்று பொருள். அந்தப் பேரினத்தில் பல இனங்கள் தென்கிழக்காசியக் காடுகளில் வளர்பவை. போர்னியோவில் விளையும் பின்ஜாய் மரத்துக்கும் 'மாங்கிஃபெரா சீசியா' என்றுதான் தாவரவியலில் பெயர்.