காலேஜ் சேவை கிளப்ல நீங்க பொருளாளரா? க்யூஆர் கோடு அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வழக்கமா நம்ம சேனல்ல எஸ்ஐபி, இன்சூரன்ஸ், வரி பத்திப் பேசுவோம். இந்த வாரம் தொகை சின்னது, விஷயம் பெரிசு.

போன குற்றால சீசன் முடியுற நேரத்தில் ராத்திரி பத்து மணிக்கு என் சித்தி பொண்ணு போன் பண்ணா. தென்காசி பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாணவர் சேவை கிளப் ஒன்றில் பொருளாளர்.

"அக்கா, நான் கிளப் பணத்தை எடுத்துட்டேன்னு நினைக்கேன். ஆனா எப்ப எடுத்தேன்னு எனக்கே தெரியலக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் அழுகைதான்.

நடந்தது என்ன?

சாரல் விழ ஆரம்பிச்சா மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லா இடத்திலும் கூட்டம்தான். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை இருந்தும் பாக்கெட்டுகள் பாறை இடுக்கில் கிடக்கும். அதைப் பொறுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இந்தப் பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். கையுறை, சாக்கு, வேன் வாடகை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பணம் வேணும். வாட்ஸ்அப் குரூப்பில் இவளுடைய ஜிபே நம்பரைப் போட்டார்கள். 23,500 ரூபாய் சேர்ந்தது.

வேலை நல்லபடியா முடிந்தது. போட்டோவுக்கு லைக்கும் குவிந்தது. பத்து நாள் கழித்து ஒரு பையன் குரூப்பில் கேட்டான்: "கணக்கு எப்ப வரும்?"

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு உட்கார்ந்தோம். மூணு மணி நேரம் ஆச்சு. வந்த கணக்கு இது:

வரவு: 23,500
பில் உள்ள செலவு: 19,260
பில் இல்லாத செலவு (ஆட்டோ, டீ, பிரானூர் பார்டர் பரோட்டா): 2,900
இருக்க வேண்டிய மீதி: 1,340
அக்கவுண்ட்டில் இருந்தது: 610

குறைந்த 730 ரூபாய் எங்கே? அவளுடைய போன் ரீசார்ஜ், ஒரு ஜெராக்ஸ் கடை பில், இரண்டு பஸ் டிக்கெட். எல்லாம் அதே அக்கவுண்ட்டிலிருந்து, அதே க்யூஆர் ஸ்கேனில் போயிருக்கு. திருடணும்னு அவள் நினைக்கவே இல்லை. தன் பணம் எது, ஊர்ப் பணம் எது என்று அந்த ஸ்கிரீனில் கோடு இல்லை, அவ்வளவுதான்.

இந்த அளவு தொகைக்கெல்லாம் இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் வருமோ என்று பயப்பட வேண்டாம். வேறொருவருக்காக வாங்கி வைத்த பணம் உங்கள் வருமானம் ஆகாது. ஆனால் அது வேறொருவர் பணம்தான் என்று காட்ட உங்களிடம் காகிதம் இருக்கணும். இங்கே போகப் போவது வரி இல்லை, பேர்.

இந்த கிளப்புகள் எங்கிருந்து வந்தன?

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துப் பேர் வைத்த மாணவர் சங்கங்கள் உண்டு. பல சங்கங்கள் நட்பு, பார்ட்டி, விடுதி என்று இருக்கும். சேவைக்காகவே தொடங்கியவையும் உண்டு. 1925 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரியில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஒமேகா அப்படி ஒன்று. 1976 முதல் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது. பெண்களுக்காக 1952-இல் வந்தது காமா சிக்மா சிக்மா. உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். அதை வசூலித்துக் கணக்கு சொல்ல ஒரு மாணவப் பொருளாளரும் இருப்பார்.

நம்ம ஊரில் அந்த இடத்தில் இருப்பது முதலில் என்எஸ்எஸ். காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை, கூடவே ஏழு நாள் கிராம முகாம். அரசுத் திட்டம் என்பதால் பணம் கல்லூரி வழியாக வரும், திட்ட அலுவலர் கணக்கு கொடுத்தாகணும். அடுத்து ரோட்டராக்ட், லியோ போன்றவை. ரோட்டராக்ட் 1968-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆரம்பித்தது. 2022 ஜூலையிலிருந்து கல்லூரி ரோட்டராக்ட் உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 டாலர் சந்தா என்று வைத்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் மேலே யாரோ ஒருவர் கணக்கு கேட்பார். நாலு நண்பர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் தொடங்கும் கிளப்பில் கேட்க ஆள் இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது.

பொருளாளர் செய்ய வேண்டியது ஐந்து

1. பணத்தைத் தனியாக வையுங்கள். கல்லூரி வழியாகவோ, தாய் ரோட்டரி அல்லது லயன்ஸ் சங்கத்தின் வழியாகவோ வாங்க முடிந்தால் அதுதான் நல்லது. முடியவே இல்லையென்றால், இதற்கென்றே ஒரு ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் வைத்துக்கொண்டு, பொறுப்பு ஆசிரியருக்கும் தலைவருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். உங்க ரீசார்ஜ் அதிலிருந்து போகவே கூடாது.

2. பணம் வைத்திருப்பவர் ஒருவர், செலவுக்குச் சரி சொல்பவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாளைக்குச் சாட்சி இல்லை.

3. பில் இல்லையா? வவுச்சர் எழுதுங்கள். தேதி, தொகை, எதற்கு, வாங்கியவர் கையெழுத்து. ஆட்டோ அண்ணன் போடுவார், கேட்டுப் பாருங்க.

4. நிகழ்ச்சி முடிந்த ஏழு நாளுக்குள் வரவு செலவை ஒரே பக்கத்தில் குரூப்பில் போடுங்கள். யாராவது கேட்ட பிறகு போடும் கணக்கு, சரியாகவே இருந்தாலும் பதில் மாதிரி இருக்கும். கேட்பதற்கு முன்னால் போட்டால்தான் அது கணக்கு.

5. "80ஜி கிடைக்கும்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் அந்தச் சலுகை. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. உங்க கிளப்புக்குப் பதிவே இல்லாதபோது நன்கொடையாளரிடம் அப்படிச் சொன்னால் அது பொய் வாக்குறுதி.

ஆய்க்குடியைப் பாருங்கள்

"சேவைதானே, இதில் என்ன ஆடிட்?" என்று கேட்பவர்களுக்கு தென்காசிக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம். கல்லூரி மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1990-களில் அவரோடு வந்து சேர்ந்த எஸ். சங்கரராமன், தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். மனசு உள்ள ஒருவரும் கணக்கு தெரிந்த ஒருவரும் சேர்ந்து வளர்த்த இடம் அது. என் தொழிலை நினைத்து நான் சந்தோஷப்படும்போதெல்லாம் எனக்கு ஆய்க்குடிதான் ஞாபகம் வரும்.

கடைசியில் என்ன ஆச்சு?

என் தங்கச்சி அப்பாவிடம் சொல்லி 730 ரூபாயை வாங்கிப் போட்டாள். "நீயே வச்சுக்க, யாருக்கும் தெரியாது"ன்னு அவர் சொல்லவில்லை. அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடணும். மேலே இருக்கிற அதே கணக்கை, 730 எப்படிக் குறைந்தது, எப்படித் திரும்ப வந்தது என்ற வரியோடு குரூப்பில் போட்டாள். போடும்போது அவள் கை நடுங்கியது.

கணக்கு கேட்ட பையன்தான் முதலில் பதில் போட்டான்: "தேங்க்ஸ். ஆட்டோ காசு நூறு ரூபாய் நான் தரணும், அது இதுல வரல."

பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கணக்கு கேட்பது அவமானம் இல்லை, கேட்டவனையும் உன்னோடு சேர்த்துக்கொள் என்றேன். இந்த வருஷம் அவன் இணைப் பொருளாளர். செலவுக்குச் சரி சொல்வது அவன் வேலை.

உங்க வீட்டுப் பிள்ளை கல்லூரியில் சேவை கிளப்பில் சேர்ந்தால் தடுக்காதீர்கள். "எத்தனை மரம் நட்டீங்க?"ன்னு கேட்கும்போது, "பணம் யார் பேர்ல இருக்கு?"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.

வவுச்சர் எப்படி எழுதுவது என்று அடுத்த வீடியோவில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தே காட்டுகிறேன். சந்திப்போம்!