கணினி மெதுவா, கட்டளை மெதுவா?

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவும்போது திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பாடவேளையும் ஓடிக்கொண்டே இருக்கும். "பழைய கணினி, இப்படித்தான் இருக்கும்" என்று முடிவு கட்டி, நாளடைவில் அதை உறை போட்டு மூலையில் வைத்துவிடுகிறோம். வாரத்தில் ஓரிரு பாடவேளை மட்டுமே ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு கணினி குறைவது பெரிய இழப்பு. உண்மையில், நிறுவும் பணியைச் செய்யும் ஸ்கிரிப்ட் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதாலும் இந்தத் தாமதம் வரலாம். அதைக் கண்டறிந்து சரிசெய்யும் வழியை, கணினி அறிவியல் படிக்காத ஆசிரியரும் பின்பற்றும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

நிறுவும்போது நடப்பது என்ன?

உபுண்டு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் டெபியன் இயக்க அமைப்பை அடிப்படையாகக் கொண்டவை. இவற்றில் மென்பொருள்கள் 'தொகுப்பு' வடிவில் வருகின்றன. தேவையான தொகுப்புகளைக் கணக்கிட்டு இணையத்திலிருந்து இறக்கித் தருவது 'ஆப்ட்' என்னும் கருவி. அவற்றைப் பிரித்து, கோப்புகளை உரிய இடங்களில் வைப்பது 'டிபிகேஜி'. பல தொகுப்புகளுக்குள் சிறு ஸ்கிரிப்டுகளும் இருக்கும். எழுத்துருக்களைப் பதிவது, உதவிப் பக்கங்களுக்கு அட்டவணை தயாரிப்பது போன்ற வேலைகளுக்கானவை அவை. இறக்கம் முடிந்த பிறகும் நாம் காத்திருப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

முதலில் அளவிடுவோம்

காய்ச்சல் என்று வரும் பிள்ளைக்கு முதலில் வெப்பமானி வைக்கிறோம் அல்லவா? லினக்ஸில் அந்த வெப்பமானி 'டைம்' என்னும் கட்டளை. எந்தக் கட்டளைக்கு முன்னும் அதைச் சேர்த்தால், முடிவில் மூன்று எண்களைத் தரும். முதலாவது, கடிகாரப்படி ஆன மொத்த நேரம். இரண்டாவது, நிரலின் சொந்தக் கணக்கீட்டுக்கு ஆன நேரம். மூன்றாவது, நிரலுக்காக இயக்க அமைப்பு உழைத்த நேரம். பின்னிரண்டின் கூட்டுத்தொகையை விட முதல் எண் மிக அதிகமாக இருந்தால், கணினி வட்டுக்காகவோ இணையத்துக்காகவோ காத்திருந்திருக்கிறது என்று பொருள். பின்னிரண்டும் அதிகமாக இருந்தால் ஸ்கிரிப்ட் செய்யும் வேலையே அதிகம். மூன்று முறை அளந்து குறித்துக்கொள்வது நல்லது. ஒருமுறை படித்த கோப்புகள் நினைவகத்தில் தங்குவதால் இரண்டாம் முறை நேரம் குறையக்கூடும்.

திரும்பச் செய்யும் வேலையைக் குறைப்போம்

வருகைப் பதிவை எண்ணிப் பாருங்கள். 40 மாணவர்களுக்கும் ஒவ்வொரு முறை செயலிக்குள் நுழைந்து, பதிந்து, வெளியேறுபவர் யாருமில்லை. ஒருமுறை நுழைந்து, 40 பேருக்கும் பதிந்து, ஒருமுறை சேமிக்கிறோம். ஆனால் ஆய்வகத்துக்கென எழுதப்படும் பல ஸ்கிரிப்டுகள் முதல் வகையில்தான் இயங்குகின்றன. பத்து மென்பொருள்களின் பெயரை ஒரு மடக்கில் இட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆப்டைத் தனியே அழைக்கின்றன. ஒவ்வோர் அழைப்பிலும் ஆப்ட் தொகுப்புப் பட்டியலைப் படித்து, எது எதைச் சார்ந்தது என்று முதலிலிருந்து கணக்கிடுகிறது. பத்துப் பெயர்களையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் இது ஒருமுறை நடந்தால் போதும். பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையையும் மடக்குக்கு வெளியே, தொடக்கத்தில் ஒருமுறை வைக்க வேண்டும்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. டிபிகேஜியில் 'டிரிகர்' என்ற ஏற்பாடு இருக்கிறது. உதவிப் பக்கங்களைக் கொண்டுவரும் தொகுப்புகள் பத்து இருந்தாலும், அட்டவணையைப் புதுப்பிக்கும் வேலையைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் மொத்தமாகச் செய்வதற்கான ஏற்பாடு அது. பத்து முறை தனித்தனியே அழைத்தால் இந்தச் சேமிப்பு கிடைக்காது. ஆர்ச் லினக்ஸின் 'பேக்மேன்' கருவியும் 2016இல் வந்த 5.0 பதிப்பில் இதே எண்ணத்தை 'ஹூக்' என்ற பெயரில் சேர்த்துக்கொண்டது.

அடுத்து, மடக்குக்குள் வேறு நிரல்களை அழைப்பது. 5,000 வரிகள் உள்ள கோப்பை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் தேடுதல், வெட்டுதல், மாற்றுதல் என மூன்று சிறு நிரல்களை ஒரு ஸ்கிரிப்ட் அழைப்பதாகக் கொள்வோம். ஒரு நிரலைத் தொடங்க ஒரு மில்லிவிநாடி ஆனாலும், தொடங்குவதற்கு மட்டுமே 15 விநாடி போய்விடும். முழுக் கோப்பையும் ஒரே நிரலிடம் கொடுத்தால் அந்தச் செலவு ஒருமுறைதான்.

ஸ்கிரிப்டை வாசித்து நடத்தும் 'ஷெல்'லும் வேகத்தை மாற்றும். 2006இல் உபுண்டு 6.10 பதிப்பு, பொது ஷெல்லாக இருந்த 'பாஷ்' இடத்தில் சிறியதும் வேகமானதுமான 'டாஷ்' ஷெல்லை வைத்தது. 2011இல் டெபியன் 6 பதிப்பும் அவ்வாறே செய்தது. பாஷுக்கே உரிய எழுத்துமுறையைப் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகளைத் திருத்த வேண்டியிருந்தது. வேகத்துக்கான விலை அது.

எதைத் தொடக்கூடாது?

டிபிகேஜி ஒரு கோப்பை மாற்றும்போது, புதியது வட்டில் உண்மையாகவே எழுதப்பட்டதை உறுதிசெய்துகொள்கிறது. இதற்கு நேரம் ஆகும். இந்த உறுதிசெய்தலை நிறுத்தி வேகம் கூட்டும் வழிகள் உண்டு. மின்தடை வரும் பள்ளியில் அதைச் செய்ய வேண்டாம். பாதியில் மின்சாரம் நின்றால் வெற்றுக் கோப்புகள் மிஞ்சி, கணினியே தொடங்காமல் போகலாம். தொகுப்புகளுக்குள் வரும் ஸ்கிரிப்டுகளையும் நாம் திருத்தக்கூடாது. அடுத்த புதுப்பிப்பில் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். நாமே எழுதிய ஸ்கிரிப்டுகளை மட்டும் திருத்துவோம்.

வகுப்பறையில்

பன்னிரண்டாம் வகுப்பில் நெறிமுறைகளின் செயல்திறனை நடத்தும்போது இதையே நான் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 1,000 பெயர்கள் உள்ள பட்டியலில் 1,000 பெயர்களைத் தேடும் பைத்தான் நிரலை மாணவர்கள் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் அதிகபட்சம் 10 லட்சம் ஒப்பீடுகள். அதே பெயர்களை 'டிக்ஷனரி'யில் வைத்தால் ஏறத்தாழ 1,000 தேடல்களில் முடிந்துவிடுகிறது. இரண்டையும் அளந்து கரும்பலகையில் எழுதச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும், மாற்றிய பின் மீண்டும் அளக்க வேண்டும் என்பதே விதி. அறிவியல் ஆய்வகத்தில் நாம் கற்பிக்கும் விதிதான் இதுவும்.

தொடக்கப்பள்ளியில் கணினி இல்லாமலும் இதை நடத்தலாம். மேசையிலிருந்து பத்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துவர ஒரு குழுவையும், மொத்தமாக எடுத்துவர மற்றொரு குழுவையும் விட்டு, நடந்த தடவைகளைப் பிள்ளைகளையே எண்ணச் சொல்லலாம்.

ஆய்வகக் கணினி ஒன்றைப் பயன்பாட்டிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கும் முன், இந்த அளவீட்டை மாணவர்களுடன் சேர்ந்து ஒருமுறை செய்து பாருங்கள். ஸ்கிரிப்டைத் திருத்திய பிறகும் அது மெதுவாகவே இருந்தால், அந்த எண்களையே பரிந்துரைக் கடிதத்துடன் இணைத்து அனுப்பலாம்.