கார் கதவைத் தட்டினால் ‘டங்’கா, ‘டொப்’பா?

கோவளம் தாண்டி ஈசிஆரில் 60 கி.மீ. வேகம். சின்ன காருக்குள் பாட்டை விட டயர் சத்தம்தான் கேட்கிறதா? மெல்லிய தகரம் அதிர்வதும் ஒரு காரணம். கதவைத் தட்டினால் ‘டங்’ என்கும். உள்ளே பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டினால் ‘டொப்’. அதிர்வை ரப்பர் வெப்பமாக மாற்றிவிடுகிறது. முழுக்க ஒட்டச் சொல்வார்கள். தேவையில்லை, தகரத்தின் நடுவில் கால்வாசி போதும். அதனால் டயர் சத்தம் முழுசா நின்றுவிடாது. தரையிலும் வீல் ஆர்ச்சிலும் ஷீட்டுக்கு மேல் ஃபோம், கனமான விரிப்பு என்று செலவு ஏறும். முதலில் டயர் காற்றையும் கதவு பீடிங்கையும் பாருங்க, காசு மிச்சம்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல். கதவின் அடியில் மழைநீர் வடியும் ஓட்டைகள் உண்டு. ஷீட் அவற்றை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும். உப்புக் காற்றும் சேர்ந்து கதவை அடியிலிருந்தே துரு தின்னும்.