பழைய கிட்டாருக்கு ஒரு ஆர்.சி. புக்

தண்டலத்தில் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறை. ஷிஃப்டுக்கு ஷிஃப்டு ஆள் மாறும். வாசலில் நிற்கும் பைக்குக்கு ஆர்.சி. உண்டு, சார்ஜில் கிடக்கும் போனுக்கு ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. மூலையில் சாய்ந்திருக்கும் தாத்தா காலத்துச் சின்ன கிட்டாருக்குத்தான் ஒன்றும் கிடையாது. அது காணாமல் போனால் புகாரில் என்ன எழுதுவீர்கள்? ‘பழுப்பு நிறக் கிட்டார்’ என்றா?

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். சிக்கல் பொருள் கிடைத்த பிறகுதான். அதை நீதிமன்றம் வழியாக மீட்கும்போது, உங்களுடையது என்று காட்ட வேண்டும். அரக்கோணம், பெரம்பூர் ரயில்வே காலனி வீடுகளிலிருந்தோ, 1985-இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டிலிருந்தோ கைமாறி வந்த கிட்டாரின் பில்லுக்கு எங்கே போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும், நீங்களே ஆவணம் தயாரித்துவிடலாம். உடலின் கீழ்ப்பகுதியில் அதிகபட்ச அகலத்தை அளந்து எழுதுங்கள். இன்று பரவலாக விற்கும் பெரிய ‘டிரெட்நாட்’ வகைக் கிட்டார் ஏறக்குறைய 40 செ.மீ. இருக்கும், மார்ட்டின் நிறுவனத்தின் ‘0’ அளவு சுமார் 34 செ.மீ.தான். நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) 12-வது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் ஸ்கேல் நீளம். நெக் உடலோடு சேர்வது 12-வது ஃபிரெட்டிலா, 14-வதிலா என்றும் குறியுங்கள். சவுண்ட் ஹோலுக்குள் சிறு கண்ணாடியை நுழைத்து டார்ச் அடித்தால் உள்ளே தாங்குகட்டைகள் எக்ஸ் வடிவில் ஓடுகின்றனவா, ஏணிப்படி போல நிற்கின்றனவா என்பது தெரியும். படம் எடுங்கள். லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். அதை எந்த அச்சகத்திலும் அடிக்கலாம். வரிசை எண்ணும் எல்லாப் பழைய கிட்டாரிலும் இருக்காது: மார்ட்டின் அதைப் போடத் தொடங்கியதே 1898-இல்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் முன்பலகை. அதன் மர ரேகை இன்னொரு கிட்டாரில் அப்படியே அமையாது. பகல் வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் எடுத்து, வெடிப்பு, ஒட்டு, தேய்மானத்தோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். தேதியும் பதிவாகிவிடும். புது வார்னிஷ் அடித்து ‘பளபள’வாக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அடையாளமும் போகும், விலையும் போகும்.

வாங்கும்போதும் இதே பட்டியல்தான் கவசம். கடைக்காரர் சொல்லும் வயதையும் மரத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பொய்யென்று தெரிந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பாருங்கள். தனி ஆளிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் கைகொடுக்காது. வாங்கிய கிட்டார் திருட்டுப் பொருளாக இருந்தால் நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும் உரியவருக்கே போகும். ஆன்லைனில் முன்பணம் கட்டி ஏமாந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கிட்டாரை வெளிநாடு கொண்டுபோவோருக்கு வேறு தலைவலி. 100 ஆண்டைத் தாண்டிய கைவினைப் பொருளை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தொல்பொருளாகக் கருதும். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயது குறைவென்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கலாம். நம்மூர் ஈட்டி மரத்தில் செய்த கிட்டாருக்கு 2019 நவம்பரிலிருந்து சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இல்லை. நட், சேடில் (கம்பிகளை மறுமுனையில் தாங்கும் கட்டை) யானைத் தந்தமாக இருந்தால் விற்பதே குற்றம்.

ரிப்பேருக்கு விடும்போது வரிசை எண் இருந்தால் அதையும், வெடிப்புகளையும் ரசீதில் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்காமல் கிட்டாரைக் கொடுக்காதீர்கள்.