படுக்கையிலும் ஒரு ஊழியம்

எனக்கு வயது 72. போன ஐப்பசியில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மாந்தோப்பில் ஆட்களோடு ஆளாக நின்றவள், ஒரு டம்ளர் தண்ணீருக்கு மருமகள் முகத்தைப் பார்க்கும்படி ஆயிற்று. 'ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்' என்பதே என் ஜெபம்.

அதைக் கேட்டுவிட்ட எங்கள் போதகரம்மா, டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சொன்னார். அயர்லாந்திலிருந்து நெல்லைச் சீமைக்கு வந்து, ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்த்தவர். 1931-ல் குழியில் தவறி விழுந்த பிறகு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தாராம். வலியோடு அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார்.

"அவங்க படிச்சவங்க. நான் அஞ்சாங்கிளாசு" என்று முணுமுணுத்தேன். "ஜெபிக்கத் தெரியும்ல?" என்று ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அதில் தெருவே இருக்கிறது. திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளை, பிரசவத்துக்கு நாள் எண்ணுகிறவள், பத்தாவது எழுதப் போகிறவன். விடியக்காலை நாலரைக்கு விழித்து, ஒவ்வொரு பேராகச் சொல்லி ஜெபிக்கிறேன். வலி போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் என்னை எடுத்துக்கொள்ளும்படி கேட்பதை நிறுத்திவிட்டேன். நோட்டை முடிக்க வேண்டுமே! சாயங்காலமானால் வாண்டுகள் வந்து, "பாட்டி, என் பேரை எழுதிட்டீங்களா?" என்று நச்சரிக்கும்.

நேற்று மருமகளும் கை துடைத்தபடி வந்து, "அத்தை, என் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஊரார் 31 பேர் இருந்தார்கள். அவள் பெயர் இல்லை. முதல் பக்கத்தில், எல்லாருக்கும் மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே எழுதினேன்.

- ஒரு வாசகி, சாணார்பட்டி