போல்ட்டா... வெல்டிங்கா?

வானத்தைத் தொடுற ஸ்டீல் பில்டிங்கைப் பார்த்தா நாம என்ன பண்ணுவோம்? அண்ணாந்து மாடியை எண்ணுவோம். இன்ஜினீயர் கண்ணு வேற இடத்துக்குப் போகும்... ரெண்டு ஸ்டீல் சட்டம் சேர்ற மூட்டுக்கு! ஸ்டீல் இழுத்தாலும் தாங்கும், அமுக்கினாலும் தாங்கும். ஆனா ஜாயின்ட் சொதப்பினா அவ்வளவுதான். நம்பலையா? வாங்க, நியூயார்க் போவோம்.

சிட்டிகார்ப் சென்டர். 1977-ல் கட்டி முடித்த 59 மாடிக் கட்டடம். மனையின் ஒரு மூலையில் சர்ச். அதனால் தூண்களை மூலைகளில் நிறுத்தாமல், நாலு பக்கத்துக்கும் நடுவில் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் ஒன்பது மாடி உயரம். பார்த்தா பில்டிங் பொய்க்கால்ல நிக்கிற மாதிரியே இருக்கும்! காற்றைச் சமாளிக்க, உள்ளே 'வி' வடிவ ஸ்டீல் சட்டங்கள்.

1978-ல் டயேன் ஹார்ட்லி என்ற பிரின்ஸ்டன் மாணவி, இந்தக் கட்டடத்தைத் தன் ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கிட்டாங்க. நேராக வீசும் காற்று ஓகே, மூலைவாட்டில் வீசினால்? கணக்கு இடித்தது. டிசைன் செய்த தரப்பில் கேட்டால், பயமில்லை என்று பதில்.

அதே வருஷம், டிசைன் இன்ஜினீயர் வில்லியம் லெமெஷருக்கும் ஒரு ஸ்டூடன்ட் போன் செய்து தூண்களைப் பற்றிக் கேட்க, அவர் மறுபடி கணக்குப் போட்டார். (அந்த ஸ்டூடன்ட் டயேன்தானா? அது தனிப் பட்டிமன்றம்!) மூலைக் காற்றில் சில சட்டங்களில் விசை 40 சதவிகிதம் எகிறியது. மூட்டுகளில் 160! அவர் டிசைனில் இருந்தது வெல்டிங். செலவு குறையும் என்று சைட்டில் மாட்டியது போல்ட். ஓகே சொன்னதும் அவர் ஆபீஸ்தான்!

வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஆனா மனுஷன் ஓனர்களிடம் உண்மையைப் போட்டு உடைத்தார். ராத்திரி ராத்திரியாக வெல்டர்கள் உள்ளே போய், 200-க்கும் மேற்பட்ட மூட்டுகளில் 2 அங்குல கன ஸ்டீல் பிளேட்டுகளைப் பற்றவைத்தார்கள். நடுவில் 'எல்லா' புயல் வேறு மிரட்டிவிட்டு, கடல் பக்கம் திரும்பியது.

அங்கே வேலை பார்த்தவர்களுக்கே விஷயம் தெரியாது. 1995-ல் 'நியூயார்க்கர்' பத்திரிகை எழுதியபோதுதான் ஊர் வாயைப் பிளந்தது.

அடுத்த தடவை சைட் விசிட் போனா, குரூப் போட்டோவோட திரும்பிடாதீங்க. மூட்டைப் பாருங்க. கிளாஸ்ல டவுட் வந்தா, யாராவது சிரிப்பாங்களோனு கையை இறக்காதீங்க. அந்த டவுட் மேல ஒரு பில்டிங்கே நின்னுக்கிட்டு இருக்கலாம்!