யோனத்தான் கேட்டு வாங்கிய வாக்கு

தாவீது, யோனத்தான் நட்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தாவீதின் பக்கமே நிற்கிறோம். கொஞ்ச நேரம் யோனத்தான் பக்கம் வந்து பாருங்கள்.

அவன் சவுல் ராஜாவின் மகன், பட்டத்துக்கு உரியவன். மிக்மாசில் ஆயுதம் சுமக்கும் ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு பெலிஸ்தரின் காவல் முகாமுக்குப் பாறை மேல் தவழ்ந்து ஏறிப்போன வீரன். ஈசாயின் மகன் தாவீது உயிரோடிருந்தால் அரசை இழப்பது இவன்தான். சவுல் அதைப் பந்தியிலேயே போட்டு உடைத்தான். அமாவாசை விருந்தில் தாவீதின் இடம் முதல் நாள் காலி. சவுல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் காலி. தாவீது இருக்கும்வரை நீயும் நிலைக்கமாட்டாய், உன் அரசும் நிலைக்காது என்று சவுல் மகனிடம் சீறினான். அவன் செய்த குற்றம் என்ன என்று யோனத்தான் கேட்டதற்குப் பதிலாக ஈட்டிதான் வந்தது.

அந்த விருந்துக்கு முன்பே வயல்வெளியில் யோனத்தான் தாவீதிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தான்: என் வீட்டாருக்கு உன் தயவு என்றும் வேண்டும். அக்காலத்தில் வம்சம் மாறினால் பழைய வம்சத்தில் ஒரு பிள்ளையைக்கூட விட்டுவைக்கமாட்டார்கள். பிற்காலத்தில் இஸ்ரவேலில் பாஷா என்பவன் ராஜாவானதும் முந்தைய வம்சத்து ராஜா யெரொபெயாமின் வீட்டார் அனைவரையும் கொன்றான். ஆக, அரண்மனையில் இருக்கும் இளவரசன், உயிருக்குப் பயந்து ஒளிந்திருப்பவனிடம் தன் பிள்ளைகளுக்காகக் கேட்கிறான்! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

அதற்காக அவன் அப்பாவை விட்டுப் போய்விடவும் இல்லை. சீப் வனாந்தரத்தில் தாவீதைத் தேடிப்போய்த் திடப்படுத்திவிட்டு வீடு திரும்பினான். கில்போவா மலைப் போரில் சவுலோடு சேர்ந்தே மாண்டான். இரண்டு பக்கமும் உண்மையாக இருந்த அவன் பாடுதான், காட்டில் அலைந்த தாவீதின் பாட்டைவிடப் பெரிது என்பேன்.

வாக்கு என்னவானது? அரசனான தாவீது, யோனத்தானின் மகன் மேவிபோசேத்தை லோதேபாரிலிருந்து வரவழைத்துத் தன் பந்தியில் உட்காரவைத்தான். ஐந்து வயதில் செவிலித்தாய் கையிலிருந்து விழுந்து இரு கால்களும் முடமானவன் அவன். பிறகு வேலைக்காரன் சீபா கோள் சொன்னதும், தாவீது விசாரிக்காமல் மேவிபோசேத்தின் நிலத்தையெல்லாம் சீபாவுக்கே கொடுத்தான். உண்மை தெரிந்த பின்னும் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தான். அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் முன்பு சவுலிடம் அடிபட்ட கிபியோனியர் பழிக்குப் பழியாகச் சவுல் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்டபோது, யோனத்தானுக்குக் கொடுத்த அந்த வாக்கை நினைத்து மேவிபோசேத்தை மட்டும் அவன் கொடுக்கவில்லை.